வீட்டுக் காருக்கு எதற்கு இந்தப் பாய்ச்சல்?

நான்கு விநாடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் எலக்ட்ரிக் செடான்கள் நம் தெருவுக்கே வந்துவிட்டன. அப்பா, அம்மா, மகன், ஆக்டிங் டிரைவர் என்று எல்லோரும் எடுத்து ஓட்டும் வண்டிக்கு இவ்வளவு பிக்-அப் தேவைதானா?

சோழிங்கநல்லூர் சிக்னல், மாலை ஆறரை மணி. எனக்கு முன்னால் பி.ஒய்.டி நிறுவனத்தின் சீல் என்ற எலக்ட்ரிக் செடான் நிற்கிறது. பின்பக்கக் கதவுக் கண்ணாடியில் குழந்தைக்காக ஒட்டிய வெயில் திரை. அதில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சிரிக்கின்றன. டிக்கியில் வெள்ளி நிறத்தில் சின்னதாக ஓர் எழுத்து: 3.8S. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இந்த வண்டிக்கு 3.8 விநாடி போதும் என்பதற்கான முத்திரை அது.

பச்சை விழுந்தது. முன்னால் மாநகரப் பேருந்து, பக்கத்தில் ஷேர் ஆட்டோ, நடுவில் புகுந்து வரும் பைக்குகள். 530 குதிரைசக்தி கொண்ட அந்தக் கார், பேருந்தின் பின்னாலேயே 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டு போனது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டியவர் பொறுப்பாகத்தான் ஓட்டினார். ஆனால் அந்த எண்ணும் அந்த வெயில் திரையும் ஒரே வண்டியில் இருந்தது என் மனதை விட்டு அகலவில்லை. ஒன்று பந்தயத் திடலின் மொழி. மற்றொன்று குடும்பத்தின் மொழி. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி விற்கும்போது, நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பிக்-அப் எப்படி மலிவானது?

கார் வாங்கப் போகும்போது நம் ஊரில் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள்: மைலேஜ் எவ்வளவு, பிக்-அப் எப்படி? பெட்ரோல் காலத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. பிக்-அப் வேண்டுமென்றால் பெரிய இன்ஜின், டர்போ, நல்ல கியர்பாக்ஸ் எல்லாம் வேண்டும். விலையும் ஏறும், மைலேஜும் இறங்கும். அதனால் நான்கு விநாடி என்பது பணக்காரர்களின் ஸ்போர்ட்ஸ் கார்களோடு நின்றுவிட்டது.

எலக்ட்ரிக் மோட்டார் அந்தக் கணக்கை மாற்றியது. இன்ஜினுக்கு வேகம் எடுத்து, சுழற்சி கூடிய பிறகுதான் முழு இழுவிசை வரும். மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. சக்கரம் அசையத் தொடங்கும் கணத்திலேயே முழு இழுவிசையும் தயார். கியர் மாற்றும் இடைவெளியும் கிடையாது. இன்னொரு காரணம் பேட்டரி. ஒரு சார்ஜில் 500 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதற்காகப் பெரிய பேட்டரியை வைக்கிறார்கள். பேட்டரி பெரிதாக இருந்தால், ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கவும் அதனால் முடியும். முன்பக்கம் இன்னொரு மோட்டாரைச் சேர்த்துவிட்டால் பந்தயக் காரின் பாய்ச்சல் தயார். தூரத்துக்காகச் செய்த ஏற்பாட்டில் வேகம் உபரியாகக் கிடைத்தது. கிடைத்த உபரியைத்தான் நிறுவனங்கள் விளம்பரமாக்கின.

டெஸ்லா தன் மாடல் எஸ் செடானில் 2014-ல் ‘இன்சேன்’ என்றொரு மோடைக் கொண்டுவந்தது. பைத்தியக்காரத்தனம் என்று பொருள். அடுத்த ஆண்டே ‘லூடிக்ரஸ்’ வந்தது. 2021-ல் வந்த ‘பிளெய்ட்’ 1,020 குதிரைசக்தியோடு, மணிக்கு 60 மைல் வேகத்தை இரண்டு விநாடிக்குள் தொடும் என்று அறிவிக்கப்பட்டது. ஐந்து பேர் உட்காரும், சூட்கேஸ் வைக்கும் குடும்ப செடான் அது. பிறகு அமெரிக்காவின் லூசிட் வந்தது, சீனாவின் ஷாவ்மி வந்தது. கைபேசி விற்றுப் பெயர் வாங்கிய ஷாவ்மியின் எஸ்யூ7 அல்ட்ராவுக்கு 1,548 குதிரைசக்தி. அதற்கும் நான்கு கதவுதான்.

வேகத்தை மென்பொருளாகவே விற்கும் வழக்கமும் வந்துவிட்டது. மாடல் 3-இன் ஒரு வகையை வைத்திருப்பவர்கள் 2,000 டாலர் கட்டினால் அரை விநாடி குறையும் என்று 2019-ல் டெஸ்லா அறிவித்தது. வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட மாற்ற வேண்டாம். இரவில் வைஃபை வழியாக வேகம் வந்து இறங்கிவிடும். இதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது: பாய்ச்சலை மென்பொருளால் கூட்ட முடியும் என்றால், மென்பொருளால் கட்டிப்போடவும் முடியும். இதைப் பிறகு பார்ப்போம்.

ஏழரை லட்சம் கொடுத்து எதை வாங்குகிறோம்?

பி.ஒய்.டி சீல் 2024 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது மூன்று வகையாக விற்பனைக்கு வந்தது. மூன்றுக்கும் ஒரே உடல், ஒரே அகலம், பின் ஸீட்டில் ஒரே இடம். அறிமுக விலையையும் நிறுவனம் சொன்ன கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதல் வகை 41 லட்சம் ரூபாய். 61.44 கிலோவாட்-மணி பேட்டரி, ஒரு சார்ஜில் 510 கிலோமீட்டர், 100 தொட 7.5 விநாடி. நடு வகை 45.55 லட்சம். 82.56 கிலோவாட்-மணி பேட்டரி, 650 கிலோமீட்டர், 5.9 விநாடி. உச்ச வகை 53 லட்சம். அதே 82.56 பேட்டரி, 580 கிலோமீட்டர், 3.8 விநாடி.

நடு வகையிலிருந்து உச்ச வகைக்கு ஏறுபவர் 7.45 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். 2.1 விநாடி குறைகிறது. கூடவே 70 கிலோமீட்டர் தூரமும் குறைகிறது. கூடுதல் மோட்டாரும் அதன் எடையும் கேட்கும் விலை அது. நான்கு சக்கர இழுவிசை மழைக்காலத்தில் நல்ல பிடிமானம் தரும் என்பது உண்மை. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஈரச் சாலையில் பிடிமானம் கிடைக்க வேண்டும் என்பதற்காக 530 குதிரைகளைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இந்தச் சக்தி எவ்வளவு உபரி என்பதற்கு ஒரு கணக்கு. சமதளமான நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக, இந்த அளவு செடானுக்கு 15 முதல் 20 கிலோவாட் போதும். குடும்பம் முழுவதும் ஏறி, டிக்கி நிறைய சாமானோடு, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் 30, 40 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். உச்ச வகை சீலின் சக்தியோ 390 கிலோவாட். மலை ஏறுவதற்குத் தேவையானதைப் போலப் பத்து மடங்கை வைத்துக்கொண்டு நாம் பால் வாங்கப் போகிறோம்.

பின் ஸீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்

எந்தக் கார் விமர்சனத்தைப் படித்தாலும் ஸ்டீயரிங் பிடித்தவரின் அனுபவம்தான் எழுதப்படுகிறது. குடும்பக் காரில் ஸ்டீயரிங் பிடிப்பவர் ஒருவர். உட்கார்ந்து வருபவர்கள் நான்கு பேர்.

போன தை மாதம் நண்பர் ஒருவரின் புது எலக்ட்ரிக் செடானில் திருவிடந்தை கோயிலுக்குப் போனோம். நான் பின் ஸீட்டில், என் அம்மா பக்கத்தில். அவர் மடியில் தேங்காய், பழம், பூ வைத்த ஒயர் கூடை. உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. “ஒரே ஒரு தடவை காட்டறேன்” என்றார் நண்பர்.

சத்தமே இல்லை. இன்ஜின் உறுமியிருந்தால் உடம்பு கொஞ்சமாவது தயாராகியிருக்கும். என் பின்தலை ஸீட்டில் போய் மோதியது. வயிறு ஒரு கணம் பின்தங்கி நின்றதுபோல் இருந்தது. கூடை சரிந்து, எலுமிச்சம்பழம் இரண்டு காலடியில் உருண்டன. அம்மாவின் வலது கை முன் ஸீட்டைத் தேடி, எட்டாமல், என் முழங்கையைப் பிடித்தது. நகம் பதிந்தது. எல்லாம் மூன்று விநாடி. முட்டுக்காடு பாலம் வரை அம்மா பேசவில்லை. பிறகு நண்பரிடம் சொன்னார்: “எதுக்குப்பா அவசரம்? கோயில் அங்கேயேதான இருக்கப் போகுது.”

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. அவர் கெட்ட ஓட்டுநர் இல்லை. தான் ஆசையாக வாங்கியதைப் பிரியமானவர்களுக்குக் காட்ட நினைத்தார், அவ்வளவுதான்.

அம்மாவின் உடம்பு உணர்ந்ததை இயற்பியலும் சொல்கிறது. 3.8 விநாடியில் 100 என்றால் சராசரியாகப் புவியீர்ப்பில் முக்கால் பங்கு விசை நம்மைப் பின்னால் தள்ளுகிறது. பயணிகள் விமானம் ஓடுதளத்தில் மேலெழ ஓடும்போது நாம் உணரும் விசை இதில் பாதிகூட இருக்காது. நின்றுகொண்டு பயணிப்பவர்கள் சாயக் கூடாது என்பதற்காக மெட்ரோ ரயில்களை இன்னும் மென்மையாகக் கிளம்பவைக்கிறார்கள். கழுத்து வலி உள்ள பெரியவருக்கும், பின் ஸீட்டில் வாந்தி வரும் குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும் இந்தப் பாய்ச்சலில் கிடைக்கும் நன்மை ஒன்றுமில்லை.

ஒரு சாவி, பல கால்கள்

என் பெரிய கவலை வேறு. பந்தயக் காரில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது ஒரே ஒரு கால். அதற்காகவே பழகிய கால். வீட்டுக் காரின் சாவி ஆணியில் தொங்குகிறது. காலையில் அம்மா பள்ளிக்கு எடுத்துப் போகிறார். மாலையில் தாத்தா மருந்துக் கடைக்கு. போன மாதம் லைசென்ஸ் வாங்கிய மகன் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு. ஊருக்குப் போகும்போது, முந்தின நாள் வரை மாருதி ஓட்டிய ஆக்டிங் டிரைவர். கல்யாண மண்டப வாசலில், பார்க்கிங்கில் விட்டுத் தருகிறேன் என்று சாவியை வாங்கிக்கொள்ளும் முகம் தெரியாத இளைஞர்.

இவர்களில் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால்? பதறும் மனிதர் தவறை உணர்ந்து காலை எடுக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சீராக வேகம் கூடுவதாகக் கணக்குப் போட்டால், 10 விநாடியில் 100 தொடும் கார் அதற்குள் 3 மீட்டர் நகர்ந்து, 15 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 3.8 விநாடிக் கார் 8 மீட்டர் பாய்ந்து, 39 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே இரண்டும் ஒரே எடை என்றாலும் அடி ஏறக்குறைய ஏழு மடங்கு. 3.8 விநாடி சீல் இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது கேட்டை நசுக்கும். இரண்டாவது கேட்டைத் தாண்டி, தெருவில் நிற்பவரை அடையும்.

எலக்ட்ரிக் காரில் இந்தத் தவறுக்கு இரண்டு கூடுதல் காரணங்கள் உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறையும்படி பல கார்களில் அமைப்பு இருக்கிறது. அதற்குப் பழகியவர் நகரத்துக்குள் பிரேக் பெடலைத் தொடுவதே குறைவு. கால் எந்நேரமும் ஆக்சிலரேட்டர் மேலேயே குடியிருக்கிறது. அடுத்தது, சத்தம். பெட்ரோல் காரில் தவறாக மிதித்தால் இன்ஜின் அலறி எச்சரிக்கும். இங்கே அந்த அலறல் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆக்சா காப்பீட்டு நிறுவனம் 2022-ல் தன் கணக்குகளைப் பார்த்துச் சொன்னது: எலக்ட்ரிக் கார் ஓட்டுபவர்கள் தங்கள் வண்டிக்கே சேதம் விளைவிக்கும் மோதல்களை மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகமாகச் செய்கிறார்கள். லேசாகத் தொட்டாலே சீறும் ஆக்சிலரேட்டரை அது முக்கியக் காரணமாகச் சுட்டியது.

பெடல் மாறிப்போவது எத்தனை கொடியது என்பதை ஜப்பான் அறியும். டோக்கியோவின் இக்கெபுகுரோ பகுதியில் 2019 ஏப்ரலில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் பாய்ந்து, சைக்கிளில் சாலையைக் கடந்த ஓர் இளம் தாயும் அவருடைய மூன்று வயது மகளும் இறந்தார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அசுரச் சக்தி கொண்ட காரும் இல்லை. பெடல் தவறைக் கண்டறிந்து பாய்ச்சலைத் தடுக்கும் கருவிக்கு ஐ.நா. அளவில் விதிமுறை வரப் பாடுபட்ட நாடு ஜப்பான். 2028 செப்டம்பர் முதல் அங்கே புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்கு அது கட்டாயமாகிறது.

ஓவர்டேக் செய்ய வேண்டாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. திண்டிவனம் தாண்டி இருவழிச் சாலைக்குள் போய், கரும்பு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டவருக்குப் பிக்-அப் உயிர் காக்கும். எதிரே 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒவ்வொரு விநாடியும் 22 மீட்டர் நெருங்குகிறது. எதிர்ப் பாதையில் நாம் இருக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 60-லிருந்து 100-க்கு ஏற, மேலே சொன்ன எளிய கணக்கின்படி, 12 விநாடிக் காருக்கு 4.8 விநாடி ஆகும். 6 விநாடிக் காருக்கு 2.4. இங்கே மிச்சமாவது 2.4 விநாடி. அது பெரிய பாதுகாப்பு. 6-லிருந்து 4-க்குப் போனால் மேலும் மிச்சமாவது 0.8 விநாடி மட்டுமே. அந்த 0.8 விநாடியை நம்பி ஓவர்டேக் செய்யப் போகிறவர், செய்யவே கூடாத இடத்தில் செய்கிறார் என்றுதான் அர்த்தம். ஆறேழு விநாடி பிக்-அப் உள்ள எலக்ட்ரிக் கார், நம் சாலையின் எந்த நியாயமான தேவைக்கும் போதும். 75 குதிரைசக்தி மட்டுமே கொண்ட டாடா டிகோர் இ.வி. 60 கிலோமீட்டர் வேகத்தை 5.7 விநாடியில் தொடும் என்கிறது நிறுவனம். சென்னைக்குள் கார்களுக்கு விதித்திருக்கும் வேக வரம்பும் அதே 60 தான். குடியிருப்புப் பகுதிகளில் 30.

இந்தியச் சாலைகளில் 2022-ல் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 71 சதவிகிதத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய அரசின் அறிக்கை பதிவு செய்தது. அவர்கள் எலக்ட்ரிக் கார்களால் இறந்தவர்கள் அல்லர். நம் சாலையில் பெரும்பாலும் ஓடுவது பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். எலக்ட்ரிக் கார் வரட்டும். புகையில்லாமல், சத்தமில்லாமல் வரட்டும். அது வர வேண்டும் என்று உளமார விரும்புவதால்தான் சொல்கிறேன்: ஏற்கெனவே வேகத்தால் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஒரு நாட்டில், நாளைய காரின் பெருமையாக வேகத்தையே முன்வைப்பது தவறு.

உலகம் கட்டத் தொடங்கிய கடிவாளம்

இந்தப் போட்டியில் முன்னணியில் நிற்கும் சீனாவே யோசிக்கத் தொடங்கிவிட்டது. அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 நவம்பரில் ஒரு வரைவு விதியைக் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. ஒவ்வொரு முறை காரை எடுக்கும்போதும், 100 கிலோமீட்டர் வேகத்தை 5 விநாடிக்குக் குறையாமல் தொடும் நிலையில்தான் அது தொடங்க வேண்டும். அதற்கு மேல் பாய்ச்சல் வேண்டுமென்றால் ஓட்டுநர் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எதுவும் பறிக்கப்படவில்லை, கேட்டால்தான் கிடைக்கும் என்பது மட்டுமே மாற்றம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தி கொண்ட காரை ஓட்டக் கூடாது. 3.8 விநாடி சீலில் அந்த அளவு 170-ஐத் தாண்டுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் டன்னுக்கு 276 கிலோவாட்டைத் தொடும் கார்களுக்குத் தனி லைசென்ஸே வேண்டும். நம் நாட்டிலோ, 18 வயது நிரம்பி, எட்டுப் போட்டுக் காட்டி வாங்கும் அதே லைசென்ஸ்தான் ஆல்டோவுக்கும் 530 குதிரைசக்திக்கும்.

கடிவாளத்தை எப்படிக் கட்டக் கூடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2025 மே மாதம் ஷாவ்மி ஒரு மென்பொருள் அப்டேட்டில் எஸ்யூ7 அல்ட்ராவின் சக்தியை 900 குதிரைசக்திக்குக் குறைத்தது. பந்தயத் திடலில் குறித்த நேரத்துக்குள் சுற்றிக் காட்டினால்தான் முழுச் சக்தி என்றது. காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள்; நிறுவனம் பின்வாங்கியது. விற்ற பிறகு பிடுங்குவது நியாயமில்லை. விற்பதற்கு முன்பே, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதியாக வந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

மத்திய அரசு மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். வண்டி எடுக்கும்போது மிதமான மோடில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி. தவறான பெடலைக் கண்டறிந்து தடுக்கும் கருவி. புதிய ஓட்டுநர்களுக்குச் சக்தி வரம்பு. முதல் இரண்டையும் பெருமளவு மென்பொருளிலேயே செய்துவிடலாம். அரை விநாடியை இரவோடு இரவாக அனுப்ப முடிந்தவர்களுக்கு இது பெரிய வேலையாக இருக்க முடியாது.

கார் வாங்குபவருக்கும் ஒரு வேண்டுகோள். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்துப் பார்க்காதீர்கள். பத்து நிமிடம் பின் ஸீட்டில் உட்காருங்கள். வீட்டுப் பெரியவரைக் கூட்டிப் போய், வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எத்தனை விநாடி’ என்பதோடு ‘எத்தனை மீட்டரில் நிற்கும்’ என்றும் கேளுங்கள். ஏழரை லட்சம் மிச்சம் இருந்தால் அது வீட்டுச் சார்ஜருக்கும், நல்ல டயருக்கும், பல வருடக் காப்பீட்டுக்கும் வரும்.

திருவிடந்தை போய் வந்த பிறகு நண்பரின் அப்பாவைச் சந்தித்தேன். முப்பது வருடம் அம்பாஸடர் ஓட்டிய மனிதர். புது வண்டி வந்து இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை. “கால் வச்சா எகிறுதுப்பா, எனக்கு வேணாம்” என்று ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார். நண்பர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையில் எக்கோ மோடு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தார். இப்போது அவரே காய்கறிச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார். வண்டியில் ஏறியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் அந்த இடத்தைத் தேடி விரலால் அழுத்துகிறார். மாறிவிட்டதா என்று இரண்டாவது முறையும் பார்க்கிறார். அதன் பிறகுதான் காலை வைக்கிறார்.

ஒருநாள் அவர் அழுத்த மறந்துவிடலாம். அந்தப் பொறுப்பை 70 வயதுக்காரரின் ஞாபகத்தில் ஏன் ஏற்றி வைக்க வேண்டும்? பாய்ச்சல் வேண்டும் என்பவர் தேடி அழுத்தட்டும்.